முதல் நல்ல மணிக்கூடு: தினமும் கட்ட, மெல்லிய கைக்கு, ஒரு லட்சத்துக்குள்

நூறாம் இலக்க பஸ் | ஞாயிறு இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கனகாலமாக இங்கே வாசிக்கிறவன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு 26 வயது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. போன மாதம்தான் நிரந்தரமாக்கினார்கள். இதுவரை நான் கட்டியதெல்லாம் கேசியோ எஃப்-91டபிள்யூ. பள்ளிக்கூடத்தில் ஒன்று, கம்பஸில் ஒன்று. இரண்டாவதின் பட்டி போன கிழமை பஸ்ஸுக்குள் அறுந்து கொண்டக்டரின் காலடியில் போய் விழுந்தது. அவர் குனிந்து எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, சிங்களத்தில் ஒரு பகிடி விட்டார். பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். இனி ஒரு நல்ல மணிக்கூடு வாங்குவது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

வீடு வெள்ளவத்தை. காலையும் மாலையும் காலி வீதியில் 100 அல்லது 101, அநேகமாக நின்றபடி. வேலைக்குக் கட்டுவதும் இதுதான், ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கட்டுவதும் இதுதான். இரண்டு வாங்க வசதியில்லை. மணிக்கட்டின் சுற்றளவு 16 சென்ரிமீற்றர், மெல்லிய கை. கடையில் 42 மில்லிமீற்றர் ஒன்றைக் கட்டிப் பார்த்தேன், சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் கட்டின மாதிரி இருந்தது. பட்ஜெட் ஒரு லட்சம் ரூபாய். (அம்மாவிடம் அறுபதாயிரம் என்று சொல்லியிருக்கிறேன். அது வேறு கதை.)

ஆசை ஒட்டோமற்றிக்கில், பற்றரி இல்லாமல் கை அசைவில் ஓடுகிறதே, அதில். கனவு டிசோ பி.ஆர்.எக்ஸ். என்ன வாங்குவது, எங்கே வாங்குவது? சொல்லுங்கள்.

ஜீ-ஷொக் மச்சான் | ஞாயிறு இரவு 9.31

ஒரு லட்சமா! மச்சான், பழைய சதுர ஜீ-ஷொக் இருக்கிறதே, டிடபிள்யூ-5600, அதை எடு. 1983இல் முதல் ஜீ-ஷொக் வந்தபோது கேசியோவின் கிகுவோ இபே வைத்த கணக்கு மூன்று பத்து. பத்து மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தும் உடையக்கூடாது, பத்து பார் தண்ணீர் அழுத்தம் தாங்க வேண்டும், பற்றரி பத்து வருஷம் ஓட வேண்டும். 101 பஸ்ஸுக்கு வேறென்ன வேண்டும்? மிச்சக் காசில் அம்மாவுக்கு ஒரு சேலை எடு. அறுபதாயிரம் பொய்யும் சரிக்கட்டுப்பட்டுவிடும்.

செயின் பிரியன் | ஞாயிறு இரவு 9.50

அவர் கேட்டது மணிக்கூடு, ஹெல்மெட் இல்லை.

சீக்கோ 5 எடுங்கள். கதை முடிந்தது.

கொம்பனித்தெரு நானா | ஞாயிறு இரவு 10.48

தம்பி, அவசரப்பட வேண்டாம். என் வாப்பா முப்பது வருஷம் புறக்கோட்டையில் மணிக்கூடு திருத்தினவர். ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், கண்ணில் இடுக்கின லென்ஸ், அவ்வளவுதான் கடை. பள்ளி விட்டு வந்தால் நிலத்தில் விழுந்த ஸ்குரூக்களைத் தேடிப் பொறுக்குவது என் வேலை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு. எல்லோரும் டயலின் விட்டத்தைக் கேட்பார்கள். கையில் உட்காருவதைத் தீர்மானிப்பது அது இல்லை. பட்டி மாட்டுகிற கொம்புகள் மேலேயும் கீழேயும் இருக்கிறதே, மேல்நுனியிலிருந்து கீழ்நுனி வரைக்கும் எவ்வளவு என்று பாருங்கள். 16 சென்ரிமீற்றர் கைக்கு 46, 47 மில்லிமீற்றரைத் தாண்டினால் கொம்பு கைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கடதாசியில் 46 மில்லிமீற்றருக்கு ஒரு துண்டு வெட்டி பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைக்காரர் சிரிக்கட்டும்.

பி.ஆர்.எக்ஸ் வடிவான மணிக்கூடு, அதில் சண்டை இல்லை. 1978இல் வந்த டிசைனை 2021இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 35 மில்லிமீற்றரிலும் வருகிறது, உங்கள் கைக்கு அளவு. சபயர் கண்ணாடி, 100 மீற்றர் தண்ணீர். ஆனால் புதிதாக வாங்குவதென்றால் ஒரு லட்சத்துக்குள் அடங்காது. இன்னொன்று, அதன் செயின் உடம்போடு சேர்ந்து இறங்கி வருவது. சாதாரண 18, 20 மில்லிமீற்றர் பட்டி அதில் மாட்ட வராது. செயினின் ஒரு துண்டு பழுதானால் அந்தக் கம்பனியின் துண்டுதான் வேண்டும். தினமும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது கண்ணாடி. கடினத்தை அளக்கிற மோஸ் அளவில் சபயர் 9, வைரம் 10. கடற்கரை மணலில் இருக்கிற குவார்ட்ஸ் 7. சாதாரண மினரல் கண்ணாடி அதற்கும் கீழே. கோல்ஃபேஸில் மணிக்கூட்டைக் கழற்றி மணலில் வைத்துவிட்டுக் கடலில் கால் நனைக்கப் போனால், மினரல் கண்ணாடியில் கீறல் விழும், சபயரில் விழாது. ஒரு லட்சத்துக்குள் சபயர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது, கண்ணாடி மாற்றலாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. மணிக்கூடு சரியான நேரம் காட்ட வேண்டுமா, அல்லது உள்ளே ஏதோ உயிரோடு ஓடுகிறது என்கிற திருப்தி வேண்டுமா? பற்றரியில் ஓடுகிற குவார்ட்ஸ் மணிக்கூட்டில் பளிங்கு ஒரு செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். அதைப் பதினைந்து தடவை பாதி பாதியாகக் குறைத்தால் செக்கனுக்கு ஒரு துடிப்பு. மாதத்துக்குப் பதினைந்து, இருபது செக்கன் பிசகும், அவ்வளவுதான். இப்போதைய சீக்கோ 5இல் இருக்கிற 4ஆர்36 இயந்திரம் செக்கனுக்கு ஆறு தடவை துடிக்கிறது. நாளொன்றுக்கு 45 செக்கன் முந்தலாம், 35 செக்கன் பிந்தலாம் என்று சீக்கோவே எழுதி வைத்திருக்கிறது. அநேகமானவை இதைவிட நன்றாக ஓடும். ஆனாலும் அரை நிமிடம் முந்தினதற்குக் கோபம் வருகிற ஆள் ஒட்டோமற்றிக் வாங்கக்கூடாது. கணக்காய்வாளர் என்று வேறு சொல்கிறீர்கள்.

நூறாம் இலக்க பஸ் | ஞாயிறு இரவு 11.05

நானா, இதை இரண்டு தடவை வாசித்தேன். கடதாசித் துண்டு வெட்டியாயிற்று.

கேள்விக்குப் பதில்: இரண்டும் வேண்டும். 🙂

ஹட்டன் மகள் | திங்கள் காலை 6.40

நானா தண்ணீர் விஷயத்தை விட்டுவிட்டார். அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் பட்டது நான்.

தெஹிவளையில் அறை எடுத்து இருக்கிறேன், என் கை 14 சென்ரிமீற்றர். முதல் சம்பளத்தில் ஒரு குவார்ட்ஸ் மணிக்கூடு வாங்கினேன். பின்பக்கம் 50 மீற்றர் என்று போட்டிருந்தது. இரண்டரை வருடம் ஒரு குறையும் இல்லை. பற்றரி முடிந்தது, ஒரு சின்னக் கடையில் ஐந்து நிமிடத்தில் மாற்றித் தந்தார்கள். அந்த ஒக்டோபர் மழையில் பஸ்ஸிலிருந்து இறங்கி அறைக்கு ஓடினேன், நூறு மீற்றர்கூட இருக்காது. உள்ளே போய்ப் பார்த்தால் கண்ணாடிக்குள் மூச்சு விட்ட மாதிரி புகை. மறுநாள் புகை போய்விட்டது, ஆனால் டயலில் 7க்கும் 8க்கும் நடுவில் ஒரே ஒரு துளி உட்கார்ந்திருந்தது, கடுகு அளவு. மூன்றாம் நாள் அந்த இடத்தில் ஒரு மண்ணிறப் பொட்டு. ஒரு மாதத்தில் ஓட்டம் நின்றுவிட்டது.

வேறொருவரிடம் திறந்து காட்டியபோதுதான் தெரிந்தது, மூடியைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் வளையமே இல்லை. பற்றரி மாற்றியபோது எடுத்தது, திரும்ப வைக்கவில்லை. ஒரு நூல் மொத்தம்தான் இருக்கும் அது.

அதனால் தம்பி, பற்றரி மாற்றுகிற இடத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள், அந்த வளையம் உள்ளே போகிறதா என்று கண்ணால் பாருங்கள். அப்புறம், 30 மீற்றர் என்றால் முப்பது மீற்றர் ஆழம் போகலாம் என்று அர்த்தம் இல்லை. கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீருக்கு அது போதும். நீந்துவதென்றால் 100 வேண்டும். கொழும்பு மழைக்கும் நான் 100 என்றுதான் சொல்வேன்.

கொம்பனித்தெரு நானா | திங்கள் காலை 7.15

தங்கச்சி சொன்னதைத் தங்க எழுத்தில் பொறிக்கலாம். வாப்பா இரண்டு விஷயத்துக்குத்தான் கோபப்படுவார். ஒன்று வளையத்தைத் தொலைக்கிறவன். மற்றது, கடலில் குளித்துவிட்டு நல்ல தண்ணீரில் மணிக்கூட்டைக் கழுவாதவன். வெள்ளவத்தையில் குளிக்கவே வேண்டாம், மொட்டை மாடியில் நின்றாலே உப்பு. செயின் கட்டினால் கிழமைக்கு ஒரு தடவை பழைய பல் பிரஷ், கொஞ்சம் சோப்பு. செயினின் மூட்டுகளிலிருந்து வருகிற கறுப்புத் தண்ணீரைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

தோல் பட்டி இந்த ஊருக்குச் சரிவராது. எவ்வளவு விலை கொடுத்தாலும் ஆறு மாதத்தில் வியர்வை குடித்து, உள்பக்கம் வெடித்து, மணக்கத் தொடங்கும். கல்யாண வீட்டுக்குக் கட்டலாம்.

பழைய நேரம் | திங்கள் மாலை 5.20

இளைஞர்கள் கதைப்பதைக் கேட்க ஆசையாக இருக்கிறது. நான் வெள்ளவத்தையில் நாற்பது வருஷம். என் பெயருக்கு ஒரு காரணம் உண்டு.

1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று நாட்டின் நேரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் அப்படியே கிடந்து, 2006 சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடுதான் பழைய இடத்துக்கு வந்தது. எங்கள் அப்பா அந்தப் பத்து வருஷமும் தன் கை மணிக்கூட்டை மாற்றவில்லை. "சூரியன் மாறினால் மாற்றுகிறேன்" என்பார். சுவரில் புதிய நேரம், அப்பாவின் கையில் பழைய நேரம். ஒரு தடவை அவருடைய கையை நம்பிக் கோட்டை ஸ்டேஷனுக்குப் போய்ப் பதுளை ரயிலை விட்டோம். பெட்டிகளோடு திரும்பி வந்தபோது அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை, இரண்டு நாளைக்கு.

2006இல் நாடு அவர் மணிக்கூட்டோடு வந்து சேர்ந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கோட்டை மணிக்கூட்டுக் கோபுரமும் இப்படித்தான், 1857இல் கட்டினது, பிறகு அதையே கலங்கரை விளக்காகவும்...

நெறியாளர் | திங்கள் மாலை 6.02

ஐயா, கோபுரத்துக்குத் தனி இழை திறந்து தருகிறேன். இங்கே தம்பிக்கு மணிக்கூடு பார்ப்போம்.

ஹரோ வாசி | திங்கள் இரவு 11.30

லண்டனிலிருந்து. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பது பற்றி யாரும் பேசவில்லையே. விலை கொஞ்சம் குறையும், உண்மைதான். இலங்கையில் வற் வரியே 2024இலிருந்து 18 வீதம். ஆனால் நான் மச்சினனுக்கு ஒன்று வாங்கி அனுப்பிப் பட்டது இது: வொரண்டி கார்டில் கடையின் முத்திரையும் வாங்கிய திகதியும் இல்லாவிட்டால் அது வெறும் அட்டை. சில கம்பனிகளின் வொரண்டி வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். முதல் நல்ல மணிக்கூடு என்றால், பிரச்சினை வந்தால் நீங்கள் நடந்து போய்ச் சண்டை பிடிக்கக்கூடிய கடையில் வாங்குங்கள்.

இரண்டு நேரம் காட்டுகிற ஜி.எம்.டி மணிக்கூட்டில் ஆசை வந்தால், அதில் ஒரு வில்லங்கம். அதன் நாலாவது முள் மணித்தியாலம் மணித்தியாலமாகத்தான் தாவும். நமக்கோ கிரீன்விச் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம். லண்டனோடும் டொரன்டோவோடும் எப்போதும் அரை மணித்தியாலம் இடிக்கும். காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. சாதாரண முள் மணிக்கூட்டைத் தலைகீழாகப் பிடியுங்கள். கொழும்பில் பகல் 2.00 என்றால் தலைகீழாக 8.30 என்று வாசிக்கலாம். குளிர்காலத்தில் லண்டன் நேரம் அதுதான். கோடையில் ஒரு மணித்தியாலத்தைக் கூட்டுங்கள்.

ஜீ-ஷொக் மச்சான் | செவ்வாய் காலை 8.10

இப்போதுதான் செய்து பார்த்தேன். ஆ! ஆனால் என்னுடையது டிஜிட்டல்.

செயின் பிரியன் | செவ்வாய் பகல் 12.45

கதை முடிந்தது என்று சொன்னவன் நான்தான், ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் முதல் சீக்கோ 5 பொய்யானது. இணையத்தில் ஒரு பக்கம், அழகான படம், பாதி விலை, வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். வந்தது. பார்க்க நல்லாயிருந்தது. ஒரு கிழமை கழித்துத்தான் கவனித்தேன், செக்கன் முள் வழுக்கிக்கொண்டு போகவில்லை, டக் டக் என்று குதிக்கிறது. பின்பக்கம் கண்ணாடி வழியாக ஒரு சில்லு சுற்றுவது தெரியும், அது வெறும் அலங்காரம், உள்ளே பற்றரி. பணம் அனுப்பிய இலக்கம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

முதல் கொப்பி, மாஸ்டர் கொப்பி என்று எந்தப் பெயர் வைத்தாலும் கொப்பி கொப்பிதான்.

நூறாம் இலக்க பஸ் | புதன் இரவு 8.33

புதுப் பிரச்சினை. அம்மா என் கதையைக் கேட்டுவிட்டு அலுமாரி லாச்சியைத் திறந்து ஒரு மணிக்கூட்டை எடுத்துத் தந்தார். பெரிய மாமா கட்டாரில் வேலை செய்த காலத்தில் வாங்கியது. சீக்கோ 5. இப்போது அவர் டொரன்டோவில். ஓடவில்லை. குலுக்கினால் நாலு செக்கன் ஓடி நிற்கிறது.

டயல் கறுப்பு, 37 மில்லிமீற்றர், கடதாசித் துண்டுக்குள் அடங்குகிறது. நாள் அரபியில் காட்டுகிறது. திருகாணியை இழுத்துத் திருகினால் ஒரு தடவை அரபி, அடுத்த தடவை இங்கிலீஷ். செயினுக்குள் அந்தக் காலத்து அழுக்கு இன்னும் இருக்கிறது, கல் மாதிரி. இது உண்மையானதா, பொய்யா? பின்பக்கம் 7எஸ்26 என்று தொடங்கி ஒரு நீண்ட இலக்கம்.

கொம்பனித்தெரு நானா | புதன் இரவு 8.50

தம்பி, முதல் வேலை, திருகாணியில் கை வைப்பதை நிறுத்துங்கள். நின்றுபோன மணிக்கூட்டின் முள் காட்டுவது இரவா பகலா என்று தெரியாது. மணிக்கூட்டின் முள் இரவு 9 மணிக்கும் விடிய 4 மணிக்கும் இடையில் நிற்கும்போது நாளையும் திகதியையும் கையால் மாற்றக்கூடாது. உள்ளே பல்லுச் சில்லுகள் நாளை மாற்றத் தயாராகக் கொழுவியிருக்கும் நேரம் அது. முறுக்கினால் பல் உடையும்.

பின்பக்கத்தில் தனியாக ஆறு எழுத்தில் ஒரு இலக்கம் இருக்கும், அதன் முதல் இரண்டையும் மட்டும் சொல்லுங்கள். முழுவதையும் போட வேண்டாம்.

நூறாம் இலக்க பஸ் | புதன் இரவு 8.58

8. அடுத்தது இங்கிலீஷ் எழுத்து, என்.

கொம்பனித்தெரு நானா | புதன் இரவு 9.20

முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண். இரண்டாவது மாதம். ஒன்று முதல் ஒன்பது வரை அப்படியே, ஒக்டோபர் பூச்சியம், நவம்பர் 'என்', டிசம்பர் 'டி'. ஆக, எட்டில் முடிகிற ஒரு வருஷத்தின் நவம்பர் மாதம் செய்தது. எந்த எட்டு? 7எஸ்26 இயந்திரம் வந்தது 1996இல், அதனால் 88 ஆக முடியாது. 1998 அல்லது 2008. மாமா கட்டாரிலிருந்து எப்போது திரும்பினார்?

நூறாம் இலக்க பஸ் | புதன் இரவு 9.34

அம்மாவிடம் கேட்டேன். 2001. அப்படியென்றால் 1998 நவம்பர். என்னைவிட மூத்தது.

கொம்பனித்தெரு நானா | புதன் இரவு 9.41

பார்த்தீர்களா. டயல் திரும்பப் பெயின்ட் அடித்த மாதிரி இல்லையென்றால், எழுத்துகளின் ஓரம் மங்காமல் கூராக இருந்தால், நல்ல சாமான்தான். குலுக்கினால் ஓடி நிற்பது அநேகமாக எண்ணெய் காய்ந்ததனால். ஒட்டோமற்றிக்கை நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிக் கழுவி எண்ணெய் போட வேண்டும். இது இத்தனை வருஷமாய்ப் பட்டினி. இந்த இயந்திரம் திருத்தத் தெரியாத ஆள் புறக்கோட்டையில் கடை போட முடியாது. சேர்விஸ் செய்து மூன்று கிழமை கட்டிப் பாருங்கள். ஒட்டோமற்றிக் உங்களுக்குச் சரிவருமா என்று லட்சம் ரூபாய் கொடுக்காமலே தெரிந்துவிடும்.

ஹட்டன் மகள் | புதன் இரவு 9.45

வளையம்!!

நூறாம் இலக்க பஸ் | புதன் இரவு 9.47

பக்கத்திலேயே நிற்பேன் அக்கா.

நூறாம் இலக்க பஸ் | ஒரு மாதம் கழித்து, சனி காலை 10.15

மன்னிக்கவும், ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலையில் தலை நிமிரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மாமாவின் மணிக்கூடு ஓடத் தொடங்கியது. திருத்தியவர் இயந்திரத்தை வெளியே எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார், ஏறக்குறைய ஒரு பழைய இரண்டு ரூபாய்க் குத்தி அளவு, அவ்வளவுதான். புது வளையம் போட்டதைக் கண்ணால் பார்த்தேன். முதல் கிழமை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தேன். நேரம் பார்க்க இல்லை, செக்கன் முள் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்க. மேலதிகாரிகூடக் கேட்டார், "அது என்ன, அரபியா?" என்று. வெள்ளிக்கிழமைகளில் வேண்டுமென்றே அரபிக்கு மாற்றி வைத்தேன்.

நாளுக்கு 20 செக்கன் முந்தியது. அது பரவாயில்லை என்று நினைத்தேன். ஆனால் வெள்ளி இரவு எட்டு மணிக்குக் கழற்றி வைத்தால் ஞாயிறு மதியம் நின்றுவிடுகிறது. இந்த இயந்திரம் சேர்த்து வைப்பது நாற்பது மணித்தியாலத்துக்குத்தான் போதுமாம். சாவி கொடுக்கவும் வழியில்லை, குலுக்க வேண்டும். இரண்டாவது திங்கட்கிழமை அவசரத்தில் கட்டிக்கொண்டு ஓடினேன், பஸ்ஸுக்குள் பார்த்தால் 11.50. கையை ஆட்டி ஆட்டிக் குலுக்கினேன். முன்சீட்டில் இருந்த அம்மா கைப்பையை மடிக்கு இழுத்து அணைத்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய விஷயம். அம்மா சந்தோஷத்தில் மாமாவுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டார். அன்றிரவே அழைப்பு. "ஓடுதா? உண்மையாகவா? தம்பி, அது என்னுடைய முதல் சம்பளத்து மணிக்கூடு. ஓகஸ்ட்டில் வாறேன், பத்திரமாக வை." இருபது வருஷத்துக்கு மேல் லாச்சிக்குள் கிடந்தது, ஞாபகம் இல்லை. ஓடின உடனே ஞாபகம் வந்துவிட்டது.

ஆகவே திரும்ப முதலாம் கட்டத்தில். சீக்கோ 5இலேயே இப்போது 37 மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டிய அளவில், 4ஆர்36 இயந்திரத்தோடு வருகிறதே, அது. அல்லது வெளிச்சத்தில் ஓடுகிற சிட்டிசன் ஈகோ-ட்ரைவ். திங்கட்கிழமைக்குப் பிறகு எனக்கு இரண்டாவதில்தான் மனம் போகிறது. நானா கோபிக்கக்கூடாது.

கொம்பனித்தெரு நானா | சனி பகல் 1.30

கோபம் என்ன? 4ஆர்36க்குச் சாவி கொடுக்கலாம், செக்கன் முள்ளையும் நிறுத்தி நேரம் வைக்கலாம், அதனால் அந்தத் திங்கட்கிழமைத் தொல்லை பாதியாகும். பாதிதான். கழற்றி வைத்தால் அதுவும் 41 மணித்தியாலத்தில் நின்றுவிடும்.

ஈகோ-ட்ரைவ் டயலுக்கு அடியில் வெளிச்சத்தைக் குடிக்கிற தகடு, கீழே அதைச் சேர்த்து வைக்கிற சின்னப் பற்றரி. வெளிச்சத்தில் ஓடுகிற முள் மணிக்கூட்டைச் சிட்டிசன் முதலில் செய்தது 1976இல். அதனால் இது நேற்று முளைத்த வேலை இல்லை. நிறைந்தால் இருட்டில் ஆறு மாதம் ஓடும். எனக்கு இதில் பிடித்தது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பின்மூடியைத் திறக்கத் தேவையில்லை என்பதுதான். கொழும்பில் மூடி திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஈரத்துக்கு வெற்றிலை வைத்து அழைப்பு. ஹட்டன் தங்கச்சி சாட்சி.

வாப்பா இருந்திருந்தால் உங்களோடு கதைத்திருக்க மாட்டார். எல்லோரும் வெயிலில் ஓடுகிற மணிக்கூடு வாங்கினால் திருத்துகிறவன் எதைச் சாப்பிடுவது?

பழைய நேரம் | சனி மாலை 4.05

மாமாவின் அரபி மணிக்கூட்டை ஓகஸ்ட் வரைக்கும் இரவல் கட்டலாமே. கொடுக்கும்போது பழைய நேரத்தில் வைத்துக் கொடுங்கள்.

நூறாம் இலக்க பஸ் | அடுத்த வியாழன் இரவு 9.55

வாங்கியாயிற்று. சிட்டிசன் ஈகோ-ட்ரைவ், பி.எம்.8180. 37 மில்லிமீற்றர், கறுப்பு டயல், நாளும் திகதியும், 100 மீற்றர். கண்ணாடி மினரல்தான், அதனால் மணலில் வைக்கமாட்டேன். 18 மில்லிமீற்றர் துணிப் பட்டி. கடைக்காரர் கடதாசித் துண்டைப் பார்த்துச் சிரித்தார், பிறகு தானும் ஒன்று வெட்டி வைத்துக்கொண்டார்.

பெட்டியிலிருந்து எடுத்தபோது செக்கன் முள் இரண்டு இரண்டு செக்கனாகத் தாவியது. பழுதென்று நினைத்து நெஞ்சு அடைத்துவிட்டது. பட்டினியாக இருந்தால் அப்படித்தான் காட்டிக்கொடுக்குமாம். வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன், கடல் பக்க ஜன்னல். மாலைக்குள் ஒவ்வொரு செக்கனாக நடக்கத் தொடங்கியது. அம்மா நாலு தடவை வந்து பார்த்தார், காகம் தூக்கிவிடும் என்று பயம்.

இன்றைக்கு 101இல் அதே கொண்டக்டர். மிச்சக் காசு தரும்போது கையைப் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார்.

ஜீ-ஷொக் மச்சான் | வியாழன் இரவு 10.02

வாழ்த்துகள் மச்சான். அம்மாவுக்கு என்ன விலை சொன்னாய்?

நூறாம் இலக்க பஸ் | வியாழன் இரவு 10.04

அறுபது. அவர் அதுவே கூட என்றார்.

கொம்பனித்தெரு நானா | வியாழன் இரவு 10.20

கார்டில் முத்திரை குத்தினார்களா?

நூறாம் இலக்க பஸ் | வியாழன் இரவு 10.21

குத்தினார்கள் நானா. திகதியும் போட்டார்கள். காயும் வரைக்கும் ஊதிக்கொண்டு நின்றேன்.